ஆறரைச் சுற்றுக்கு அடியில் ஒரு மெத்தை: லேண்டிங் ஏர்பேக் மதிப்பீடு

2025 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்பெனில் நடந்த எக்ஸ் கேம்ஸில், ஒரே பெரிய தாவலில் வித்தை காட்டும் ‘பிக் ஏர்’ என்ற ஸ்கீ போட்டியில், இத்தாலியின் மிரோ தபனெல்லி 2340 டிகிரி சுழன்று, விழாமல் நின்று, தங்கம் வென்றார். ஆறரைச் சுற்று. 1998இல் சாலமன் நிறுவனம் முன்னும் பின்னும் முனை வளைந்த ஸ்கீயைக் கொண்டுவந்தபோது அதற்கு ‘டென்எயிட்டி’ என்று பெயர் வைத்தது. 1080 டிகிரி என்றால் மூன்று சுற்று. ஒரு ஸ்கீக்குப் பெயராகச் சூட்டும் அளவுக்கு அன்று அது பெரிய எண். இடைப்பட்ட காலத்தில் ஸ்கீ மாறியது, கிக்கர்கள் (தாவ எழுப்பும் சாய்மேடுகள்) பெரிதாயின, சிறு வயதிலேயே டிராம்போலின் பழகிய தலைமுறை வந்தது. எல்லாம் சரிதான். ஆனால் கடைசிப் பத்தாண்டு வேகத்துக்கு ஒரே ஒரு பொருளைக் கைகாட்டச் சொன்னால், சரிவாக அமைந்த லேண்டிங் ஏர்பேக்கைத்தான், அதாவது பழகும்போது இறங்கக் காற்று நிரப்பி வைக்கும் பெரிய மெத்தையைத்தான், காட்ட வேண்டும்.

அந்தப் பொருளைப் பற்றிய மதிப்பீடு இது. எந்த நிறுவனத்தின் பேக் சிறந்தது என்ற பட்டியல் இங்கே இல்லை. எந்த பேக்காக இருந்தாலும் அதில் எதைச் சோதிக்க வேண்டும், அது எதைக் கற்றுத்தரும், எந்த இடத்தில் ஏமாற்றும் என்பதே பேச்சு. பேக் வாங்க நினைக்கும் மையத்துக்கும் சரி, கட்டணம் கட்டித் தாவப்போகும் வீரருக்கும் சரி, கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

முதலில், இது எந்தக் குறையைத் தீர்க்க வந்தது என்று பார்க்கலாம். ஏரியல்ஸ் (கிக்கரிலிருந்து எழும்பிக் குட்டிக்கரணமும் முறுக்கும் போடும் ஸ்கீ பிரிவு) வீரர்கள் வெகு காலமாகத் தண்ணீரில்தான் பழகுகிறார்கள். அமெரிக்காவில் பார்க் சிட்டியின் யூட்டா ஒலிம்பிக் பார்க்கில் அப்படி ஒரு குளம் இருக்கிறது. பனியே விழாத பிரிஸ்பேனில்கூட ஒன்று கட்டியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் ஓட்டப்பாதையில் இறங்கி, கிக்கரில் ஏறி, குட்டிக்கரணம் போட்டுக் குளத்தில் விழ வேண்டும். விழும் நேரத்தில் குளத்தின் அடியிலிருந்து காற்றைப் பீய்ச்சி நீரை நுரைக்க வைப்பார்கள். அடி சற்றுக் குறையும். தலைகீழாகச் சுற்றும் உணர்வைப் பழக இது அருமையான கருவி. ஆனால் தண்ணீரில் கால் பட்டதும் கதை முடிந்துவிடுகிறது. நின்றீர்களா, பின்னால் சாய்ந்தீர்களா, அரைச் சுற்று மிச்சமா என்பதற்கெல்லாம் தண்ணீர் பதில் சொல்லாது. நனைந்த பூட்ஸோடு நீந்திக் கரையேறி, மறுபடி மேலே நடக்க வேண்டும்.

ஃபோம் குழியில் ஸ்கீ சிக்கிக்கொள்ளும். வெளியே வரவே நேரம் பிடிக்கும். அடுத்து வந்த தட்டையான ஏர்பேக் பெரிய முன்னேற்றமாகத் தெரிந்தது. அதிலும் ஒரு தீமை இருந்தது. தட்டையான பேக்கில் காலால் இறங்கினால் முழங்காலுக்கு ஆபத்து என்பதால், முதுகால் விழச் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசிக் கால் சுற்றில் உடலைத் தளர்த்தி, முதுகைக் காட்டி விழும் பழக்கம் அப்படி ஊறியது. பனியில் அதே கடைசிக் கால் சுற்றுதான் உயிர்நாடி. அதைத் தளர்த்தப் பழகியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டியதாயிற்று.

சரிவான பேக் வேலை செய்வதற்கான காரணத்தை எண்களில் சொன்னால் தெளிவாகும். வலியைத் தீர்மானிப்பது எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தோம் என்பது அல்ல. இறங்கும் பாதைக்கும் சரிவுக்கும் இடையே உள்ள கோணம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, பாதைக்கும் சரிவுக்கும் 10 டிகிரி மட்டுமே வித்தியாசம் இருந்தால், கிடைக்கும் அடி சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் குதித்தது போன்றது. அதே வேகத்தில் வித்தியாசம் 20 டிகிரி ஆனால் 2.4 மீட்டர். 30 டிகிரி ஆனால் 5 மீட்டருக்கு மேல். கோணம் இரட்டிப்பானால் அடி நான்கு மடங்காகிறது. ஆகவே பேக்கின் விவரப் பட்டியலில் நீளம் அகலத்தைப் பார்ப்பதற்கு முன், அதன் சரிவுக் கோணம் உங்கள் கிக்கரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். மெத்தை எவ்வளவு மென்மையாக இருந்தாலும் தவறான கோணத்தை அதனால் ஈடுகட்ட முடியாது.

உள்ளே என்ன இருக்கிறது

நல்ல பேக்கில் இரண்டு அடுக்கு இருக்கும். கீழ் அடுக்கு அதிக அழுத்தத்தில் நின்று வடிவத்தைக் காக்கிறது. மேல் அடுக்கு குறைந்த அழுத்தத்தில் அடியை வாங்குகிறது. இரண்டுக்கும் தனித்தனி ப்ளோயர் (காற்றடிக்கும் இயந்திரம்) இருந்து, அழுத்தத்தைத் தனித்தனியே கூட்டிக் குறைக்க முடிந்தால் அதையே எடுங்கள். ஒரே அறை கொண்ட மலிவான வடிவில் மென்மையாக்கினால் சரிவே தொய்ந்துவிடும். சரிவைக் காப்பாற்ற இறுக்கினால் விழுபவர் பந்துபோல் எகிறுவார்.

மேல் அடுக்கின் அழுத்தத்தை வைத்துத்தான் பயிற்சியின் தரம் அமைகிறது. புதிய தந்திரத்தின், அதாவது வித்தையின், முதல் முயற்சிகளுக்கு மென்மை வேண்டும். தலையோ தோளோ முதலில் பட்டாலும் உடல் மெல்ல அமிழ வேண்டும். அதே மென்மையில் காலால் நிற்க முயன்றால் ஆபத்து. ஸ்கீ புதைகிறது, முனை சிக்குகிறது, உடல் முன்னோக்கிப் புரள்கிறது. ஒரு ஸ்கீ மட்டும் ஆழமாகப் புதைந்து மற்றது மேலே சறுக்கினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். பேக்கில் நடக்கும் மோசமான காயங்களுக்கு இது முக்கியமான வழி. நின்று பழகும் கட்டத்துக்கு வந்தவுடன் மேல் அடுக்கை இறுக்கச் சொல்லுங்கள். ‘எல்லோருக்கும் ஒரே அழுத்தம்தான்’ என்று சொல்லும் மையத்தில், மென்மையான வேளையில் முதுகுப் பக்கப் பயிற்சி, இறுக்கமான வேளையில் நிற்கும் பயிற்சி என்று நேரம் பிரித்துக் கொடுப்பார்களா என்றாவது கேளுங்கள்.

பிறகு மேல் விரிப்பு. வழுக்கும் விரிப்புத் துண்டுகள் ஓட்டுக் கூரைபோல் மேலிருந்து கீழாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். தலைமாறிப் படிந்திருந்தால் கீழ்நோக்கி வரும் முனை மடிப்புக்குள் நுழையும். ஒரு துண்டு கிழிந்தாலும் அன்றைய பயிற்சியை நிறுத்தி மாற்ற வேண்டும். டேப் ஒட்டிச் சமாளிக்கும் இடத்தில் தாவாதீர்கள். பக்கவாட்டுச் சுவரும் நக்கிள் எனப்படும் மேல் விளிம்பும் நடுப்பகுதி அளவுக்கே மெத்தென்று இருக்கின்றனவா என்று கையால் அழுத்திப் பார்த்துவிடலாம். வேகம் குறைந்தவர் நடுவில் விழுவதில்லை, நக்கிளில்தான் விழுகிறார். மின்சாரம் நின்றால் பேக் எவ்வளவு நேரம் தாங்கும், மாற்று ஏற்பாடு என்ன, ப்ளோயர் நின்றதைத் தாவுபவருக்கு யார் எப்படிச் சொல்வார்கள் என்ற கேள்விக்கு உடனடிப் பதில் வராவிட்டால் திரும்பி வந்துவிடுவதே மேல்.

பேக்கைவிட அதிகத் தொல்லை தருவது ஓட்டப்பாதை

கோடையில் பிளாஸ்டிக் பாய்மேல்தான் வேகம் எடுக்கிறோம். ஈரம் இருந்தால் ஒரு வேகம், காய்ந்தால் வேறு வேகம். வெயில் ஏறி, தெளிப்பான் ஒன்று அடைத்துக்கொண்டால், காலையில் சரியாக இருந்த தொடக்கப் புள்ளி மதியம் நக்கிளில் கொண்டுபோய் இறக்கும். தாவும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து வளரும். 65 கிலோமீட்டர் வேகம் 68 ஆனால் வேகத்தில் கூடுவது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. தூரத்திலோ ஒன்பது சதவீதம். 20 மீட்டர் தாவல் ஏறக்குறைய 22 மீட்டர் ஆகிவிடும். ஆகவே கிக்கரின் அடியில் ரேடார் துப்பாக்கி வைத்து ஒவ்வொரு தாவலுக்கும் வேகத்தைச் சொல்லும் மையத்துக்குக் கூடுதல் மதிப்பெண். கருவி இல்லாத இடத்தில், இடைவேளைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் சுழலாமல் ஒரு நேர்த்தாவல் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தந்திரத்துக்குப் போக வேண்டும்.

காய்ந்த பாய் ஸ்கீயின் அடித்தளத்தையும் எரிக்கும். பழைய ஸ்கீயை எடுத்துப் போங்கள். முனையிலும் வாலிலும் உலோக ஓரத்தை மழுங்கத் தேய்த்து, பிசிறு இல்லாமல் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பிசிறு போதும், விரிப்பு கிழிந்துவிடும். கைத்தடிகளைப் பெரும்பாலான இடங்களில் அனுமதிப்பதில்லை, அதுவே சரி. பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கின் டின் அளவை, அதாவது எவ்வளவு விசையில் அது கழல வேண்டும் என்ற அளவை, பேக்குக்காக ஏற்றாதீர்கள். புதைந்த ஸ்கீ கழன்றால்தான் முழங்கால் தப்பும். அதற்காக மிகவும் இறக்கினால் கிக்கரின் உதட்டிலேயே (மேல் நுனியிலேயே) ஸ்கீ கழன்று, வானத்தில் ஒற்றை ஸ்கீயோடு நிற்க நேரும். பனியில் வைத்திருக்கும் அளவே இங்கும் போதும். ஹெல்மெட்டும் முதுகுக் கவசமும் மெத்தையில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தலைகீழாக விழும்போது தன் முழங்காலே முகத்தில் இடிக்கும். பல்காப்பும் சேர்த்துப் போடுங்கள்.

பேக் கற்றுத்தருவது

சுழற்சியின் தொடக்கத்தை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் கருவி வேறு இல்லை. பனியில் தயக்கத்தோடு பாதி மனதாகத் தொடங்கும் சுழற்சிதான் ஆளைக் கவிழ்க்கும். பேக்கில் பயம் குறைகிறது. முழு விசையோடு கிக்கரை விட்டு எழ முடிகிறது. காற்றில் ஏறிய பிறகு சுழல்விசையைக் கூட்ட வழி இல்லை. கையையும் காலையும் உடலோடு ஒடுக்கி வேகத்தைக் கூட்டலாம், விரித்துக் குறைக்கலாம், அவ்வளவுதான். ஆகவே உதட்டில் தோளை எவ்வளவு திருப்பினோம், எந்தக் கணத்தில் விட்டோம் என்பதே எல்லாம். அதைத் திரும்பத் திரும்பச் செய்து உடலில் பதிய வைக்கும் எண்ணிக்கையைப் பேக் தருகிறது.

கிராப்பையும் இங்கேதான் பிடித்துப் பழக வேண்டும். மியூட், சேஃப்டி, ஜப்பான் என்று எதுவானாலும் ஸ்கீயைப் பிடிப்பது அழகுக்கு மட்டும் அல்ல. உடல் சுருங்கிச் சுழற்சி வேகம் கூடுகிறது, அச்சு நிலைக்கிறது. கிராப் இல்லாமல் ஒரு தந்திரத்தைப் பழகிவிட்டுப் பிறகு சேர்க்கப் பார்த்தால் சுழற்சி வேகமே மாறிவிடும்; பழகியது வீண். முதல் நாளிலிருந்தே கிராப்போடு போங்கள்.

இன்னொரு பெரிய உதவி, பலவீனமான பக்கம். ஒலிம்பிக் பிக் ஏரில் மூன்று தாவல்களில் சிறந்த இரண்டைக் கூட்டுகிறார்கள்; அந்த இரண்டும் வெவ்வேறு திசைச் சுழற்சியாக இருக்க வேண்டும். 2022 பெய்ஜிங்கில் ஐலீன் கு மூன்றாவது தாவலில் இடப்பக்கமாக 1620 சுழன்று 94.50 வாங்கினார். அதற்கு முன் போட்டியில் அவர் செய்யாத தந்திரம் அது. மொத்தம் 188.25, பிரான்ஸின் டெஸ் லெடூவுக்கு 187.50. முக்கால் புள்ளி வித்தியாசத்தில் தங்கம் கைமாறியது. போட்டியில் 1620 இறக்கிய முதல் பெண் லெடூதான், அதுவும் அதே ஆண்டு ஜனவரி எக்ஸ் கேம்ஸில். இந்த மட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் கைவந்திருந்தால் பதக்கம் இல்லை. பேக்கில் கிடைக்கும் தாவல்களில் பாதியையாவது வராத பக்கத்துக்கு ஒதுக்குங்கள். பலரும் இதைச் செய்வதில்லை. நன்றாக வரும் பக்கத்தில் மேலும் 180 டிகிரி சேர்ப்பதில்தான் எல்லோருக்கும் ஆசை.

அந்த 180 டிகிரியில் ஒரு சிக்கலும் இருக்கிறது. முன்னோக்கிக் கிளம்பி 1440 போட்டால் நான்கு முழுச் சுற்று, முன்னோக்கியே இறங்குவீர்கள். 1620 என்றால் நாலரை. பின்னோக்கி, அதாவது ஸ்விட்சாக இறங்க வேண்டும். 1800இல் மறுபடி முன்னோக்கி. ஒவ்வொரு 180க்கும் இறங்கும் திசை மாறுவதால், அடுத்த எண் என்பது முந்தையதில் கொஞ்சம் கூடுதல் அல்ல, வேறொரு தரையிறக்கம். கண் எந்தத் தோளுக்கு மேலாகச் சரிவைத் தேட வேண்டும் என்பதே மாறுகிறது.

பேக் ஏமாற்றும் இடம்

இதற்காகவே இந்த மதிப்பீடு. சரிவான பேக்கில் 30, 40 டிகிரி சுற்று மிச்சமிருக்க இறங்கினாலும் ஸ்கீ பக்கவாட்டில் வழுக்கி, நேராகி, ஓடிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு நின்றது போலவே தோன்றும். காணொளியும் அப்படியே காட்டும். பனியில் அதே கோணத்தில் இறங்கினால் உலோக ஓரம் கடிக்கும். உடல் தூக்கி எறியப்படும். 2.5 விநாடி வானத்தில் இருந்து 1800 சுழல்பவர் விநாடிக்கு 720 டிகிரி போகிறார். 30 டிகிரி பிழை என்பது 0.04 விநாடி. அதே 2.5 விநாடியில் 2340 என்றால் விநாடிக்கு 936 டிகிரி. 30 டிகிரிக்கு 0.03 விநாடிதான். தந்திரம் பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளி சுருங்குகிறது. பேக்கோ எந்தத் தந்திரத்துக்கும் ஒரே மாதிரி மன்னித்துக்கொண்டே போகிறது.

இதற்கு மருந்து உண்டு. பேக்கின் நேர் கீழே ஒரு கேமராவை நிறுத்துங்கள். ஸ்கீ விரிப்பைத் தொடும் படத்தில் நிறுத்தி, ஸ்கீக்கும் சரிவின் நேர்கோட்டுக்கும் உள்ள கோணத்தை அளவிடுங்கள். 15 டிகிரிக்குள் இருந்தால் இறங்கியதாகக் கணக்கு. தாண்டினால், அழகாக ஓடிப் போயிருந்தாலும் விழுந்ததாகவே குறித்துக்கொள்ளுங்கள். இடுப்பு பூட்ஸுக்குப் பின்னால் இருந்தாலும் விழுந்ததுதான். பேக் முதுகைத் தாங்கித் தள்ளி நிமிர்த்திவிடும், பனி தாங்காது. இப்படிக் கறாராக எண்ணி, இறுக்கமான அழுத்தத்தில், தொடர்ந்து பத்தில் எட்டு முறை கிராப்போடு நின்றால் மட்டும் பனிக்குப் போகலாம் என்பது நியாயமான அளவுகோல். பத்தில் எட்டு என்று எழுதுவது எளிது. கேமராவை வைத்து எண்ணத் தொடங்கினால் ‘வந்துவிட்டது’ என்று நினைத்த தந்திரங்கள் பாதி காணாமல் போகும்.

வேறு சில தந்திரங்களுக்கு பேக் கிட்டத்தட்டப் பயனற்றது. 2013 எக்ஸ் கேம்ஸில் ஹென்ரிக் ஹார்லட் போட்ட நோஸ் பட்டர் டிரிபிள் கார்க் 1620ஐ எடுத்துக்கொள்ளுங்கள் (கார்க் என்றால் அச்சு சாய்ந்து உடல் தலைகீழாகும் சுழற்சி; டிரிபிள் மூன்று முறை, குவாட் நான்கு முறை). உதட்டின்மேல் ஸ்கீயின் மூக்கை அழுத்தி, அந்த வளைவிலிருந்தே சுழற்சியைக் கிளப்ப வேண்டும். ஸ்கீக்கும் பனிக்கும் உள்ள பிடிப்பே அதன் உயிர். பிளாஸ்டிக் பாயில் அந்தப் பிடிப்பு வேறு. அங்கே பழகியதை அப்படியே பனிக்குக் கொண்டுபோனால் அச்சு சாய்ந்துவிடும்.

இருபுறமும் பனிச்சுவர் எழும் ஹாஃப்பைப்பும் அப்படியே. சுவரின் விளிம்பில் வைக்கும் பேக்கில் ஒரு தாவலைப் பழகலாம். ஆனால் பைப்பில் இரண்டாம் தாவலின் வேகம் முதல் தாவல் எப்படி இறங்கியது என்பதிலிருந்து வருகிறது. நியூசிலாந்தின் நிகோ போர்ட்டியஸ் 2022 பெய்ஜிங்கில் தங்கம் வென்றது, இரு பக்கமும் அடுத்தடுத்து 1620 போட்டு. தனித்தனி 1620களை பேக் தரும். ‘அடுத்தடுத்து’ என்பதைத் தராது.

எண்ணிக்கைப் பந்தயம்

பேக் வந்ததால் போட்டி சலிப்பாகிவிட்டது, எல்லோரும் பம்பரம் போல் சுற்றுகிறார்கள் என்ற குறை அடிக்கடி கேட்கிறது. ஓரளவு உண்மை. ஆண்ட்ரி ராகெட்லி 2017இல் இத்தாலியின் வாட்லெஸில் முதல் குவாட் கார்க் 1800ஐ இறக்கியபோது அதைப் புரிந்துகொள்ளவே மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. இருந்தாலும் நடுவர்கள் சுற்றை மட்டும் எண்ணுவதில்லை. தடைகளும் தாவல்களும் தொடரும் ஸ்லோப்ஸ்டைல் பிரிவில், 2022 பெய்ஜிங்கில், அமெரிக்காவின் அலெக்ஸ் ஹால் கடைசித் தாவலில் சுழற்சியை வானத்திலேயே நிறுத்தித் திருப்பி எதிர்த்திசையில் இறங்கினார், அவருக்குத்தான் தங்கம்.

ஏரியல்ஸைப் பாருங்கள். 2002 ஒலிம்பிக்கில் செக் நாட்டின் அலெஷ் வலென்டா மூன்று குட்டிக்கரணத்தில் ஐந்து முறுக்கு போட்டுத் தங்கம் வாங்கினார். இருபது ஆண்டு கழித்து, 2022இல் சீனாவின் சி குவாங்பு வாங்கிய தங்கமும் மூன்று குட்டிக்கரணம், ஐந்து முறுக்குதான். அங்கே கடினத்துக்கு ஒரு எண் இருக்கிறது. குவாங்புவின் தாவலுக்கு 5.000. நடுவர்கள் தந்த 30க்கு 25.8ஐ அதனால் பெருக்கினால் 129.00. அந்த 25.8இல் பாதி எடை உடல் வடிவத்துக்கு, 30 சதவீதம் இறங்குவதற்கு. முறுக்கு கூடவில்லை, சுத்தம் கூடியது. பிக் ஏரும் அந்தத் திசைக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது; ஆறரைக்கு மேல் ஏழு, ஏழரை என்று போக வானத்தில் நேரம் வேண்டும், நேரம் வேண்டுமானால் கிக்கர் இன்னும் உயர வேண்டும், உயர்ந்தால் இறங்கும் வேகமும் கூடும்.

யாருக்கு, எவ்வளவு

360ஐயும் 540ஐயும் பனியில் நிதானமாக இறக்காதவருக்கு பேக் தேவையில்லை. அவருக்குச் சிறிய கிக்கரும் டிராம்போலினும் போதும். தலைகீழ்த் தந்திரத்தைத் தொடங்குபவருக்கும், இரட்டையிலிருந்து மும்மைக் கார்க்குக்குப் போகிறவருக்கும் இதற்கு மாற்று இல்லை. மென்மை, இறுக்கம் இரண்டும் தரும் மையத்துக்கு ஐந்துக்கு நாலரை தரலாம். ஒரே அழுத்தம், ரேடார் இல்லை, நக்கிளில் மெத்தை மெலிவு என்றால் இரண்டரைக்கு மேல் இல்லை. ஒரு நாளில் முப்பது தாவலுக்கு மேல் பெரிய தந்திரம் வேண்டாம். களைத்த உடல் தோளைச் சீக்கிரம் திருப்பும், அந்தப் பிழையும் உடலில் பதியும்.

பனிக்குப் போகும் நாளில் நேர்த்தாவல், 360, 720 என்று அதே திசையில், அதே கிக்கரில் படியேறுங்கள். பேக்கின் விரிப்பு பளிச்சென்ற நிறத்தில் இருந்ததால் வானத்திலிருந்து எளிதாகக் கண்ணில் பட்டது; வெள்ளைச் சரிவு அப்படிப் படாது. உதட்டிலும் இறங்குசரிவிலும் நீலச் சாயக் கோடுகள் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இறங்குமிடத்தை மண்வெட்டியால் கொத்தி மென்மையாக்கி வைப்பது ஏரியல்ஸ் பயிற்சியாளர்களின் வழக்கம். முதல் நாளுக்கு அதை இரவல் வாங்கலாம். மேகம் கவிந்து சரிவின் மேடுபள்ளம் தெரியாமல் போனால் 720உடன் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.